எனக்கு ஓகே, அவனுக்குத்தான் கஷ்டம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டில் இருந்தவர்கள் —

எலக்ட்ரீஷியன் மூர்த்தி. ஏசி மெக்கானிக் பாஷா. கார்பென்டர் தனபால். என் மனைவி செல்வி. என் மகள் பவித்ரா. அப்புறம் நான்.

எங்கள் ஹாலுக்கு ஆறு பேர் அதிகம். தனபால் வாஷிங் மெஷின் மேல் சாய்ந்துகொண்டு நின்றான்.

கல்யாணப் பேச்சு இல்லை. பஞ்சாயத்தும் இல்லை. பவித்ராவின் ஆபீஸ் வேலை.

சொல்கிறேன். எனக்கே இப்போதுதான் விளங்கியது.

பவித்ரா இன்ஜினியரிங் படித்தாள். கம்ப்யூட்டர். பெரிய கம்பெனி ஒன்று காலேஜுக்கே வந்து எடுத்துக்கொண்டது. ஒரு வருஷம் கோட் எழுதினாள். அப்புறம் ஒருநாள், 'ப்ராடக்ட் பக்கம் போறேன்' என்றாள். ஆறு மாதம் பார்ப்பார்களாம். தேறினால் அந்த நாற்காலி. தேறாவிட்டால் பழைய நாற்காலி.

பதவியின் பேர், ப்ராடக்ட் மேனேஜர்.

மேனேஜர் என்று கேட்டதும் செல்வி மயிலாப்பூர் முழுக்கச் சொல்லிவிட்டாள். நான் மட்டும் உட்கார்ந்து விசாரித்தேன்.

"கோட் எழுதுவியா?"

"இல்லப்பா."

"உன் கீழ எத்தினி பேரு?"

"யாரும் இல்ல."

"அப்புறம் இன்னாத்துக்கு மேனேஜரு?"

"ப்ராடக்ட்டுக்கு."

"அது நீ சொன்னா கேக்குமா?"

"கேக்காது. கோட் எழுதுறவங்களும் கேக்க மாட்டாங்க. எல்லாரையும் கேக்க வைக்கணும். அதான்பா வேலை."

முப்பது வருஷமாகக் குழாய் வேலை பார்க்கிறேன். என் பேச்சையும் யாரும் கேட்டதில்லை. ஆனால் ஒருத்தரும் என்னை மேனேஜர் என்று கூப்பிட்டதில்லை.

'பழைய வேலையும் வேலைதானே' என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே சொன்னாள். பழைய வேலையில் பட்டனைச் செய்து தரச் சொல்வார்கள், செய்து தரவேண்டும். அந்தப் பட்டன் அங்கே எதற்கு என்று கேட்க முடியாது. இந்த வேலையில் கேட்கலாம். கேட்பதற்குத்தான் சம்பளமே.

சரி, வேண்டும் என்கிறாள். அப்புறம் நான் என்ன சொல்வது?

அவளிடம் கொடுத்திருப்பது ஒரு ஆப். வீட்டில் குழாய் ஒழுகினால், ஃபேன் ஓடாவிட்டால் ஆளைக் கூப்பிடுகிற ஆப். கூப்பிடுகிறவர்களுக்கான பாதி ஏற்கெனவே ஓடுகிறது. வேலைக்குப் போகிற எங்கள் மாதிரி ஆட்களுக்கான பாதி புதுசு. அதுதான் பவித்ராவின் பொறுப்பு. ஆட்களிடம் கொடுத்துப் பார்த்து, என்னென்ன குறை என்று திங்கட்கிழமை பெரியவர்கள் முன்னால் சொல்ல வேண்டும். ஆறு மாதத்துக்கும் சேர்த்து அன்றைக்குத்தான் தீர்ப்பு.

அதற்குத்தான் இந்த மூன்று பேர்.

முதல் தப்பு செல்வியுடையது. இட்லியும் வடகறியும் செய்துவிட்டாள். முதலில் சாப்பிடுங்கள், அப்புறம் வேலை என்றாள். வயிறு நிறைந்த பிறகு போனைக் கையில் கொடுத்தாள் பவித்ரா.

மூர்த்தி 'ஏற்கிறேன்' என்ற பட்டனைத் தேடி மூன்று தடவை 'வேண்டாம்' என்பதை அமுக்கினான். நாலாவது தடவை திரையே காலி. போனைத் திருப்பிக் கொடுத்தான்.

"சூப்பரா கீது பாப்பா."

பாஷா கண்ணாடி கொண்டுவரவில்லை. போனைத் தள்ளிப் பிடித்தான். இன்னும் தள்ளினான். கை முடிந்துபோனது. எழுத்து தெரிந்ததா? அது அவனுக்கும் கடவுளுக்கும் வெளிச்சம். அஞ்சு ஸ்டார் கொடுத்தான்.

வேலையைப் போட்டோ எடு என்று ஆப் கேட்டது. தனபால் தன் கட்டைவிரலை எடுத்தான். அவனும் அஞ்சு ஸ்டார்.

மூன்று பேர், பதினைந்து ஸ்டார். 'குறைகள்' என்ற கட்டத்தில் மூன்று பேருமே ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

பவித்ரா விடவில்லை. உண்மையைச் சொல்லுங்கள் மாமா, திட்டினாலும் பரவாயில்லை என்று கேட்டுப் பார்த்தாள். நம்ம பொண்ணு செய்ததில் என்ன குறை வரும் என்று அவளையே திருப்பிக் கேட்டார்கள். பாஷா ஒருபடி மேலே போய், ஆப் பார்க்கவே லட்சணமாக இருக்கிறது என்றான்.

அவள் சமையல்கட்டுக்குப் போனாள். செல்வி சந்தோஷமாக இருந்தாள். எல்லாரும் நல்லா இருக்கு என்கிறார்களே, பிறகு ஏன் முகம் இப்படி என்று கேட்டாள்.

"எல்லாம் நல்லா இருக்குன்னு நாளைக்குப் போய் நின்னா, அப்ப நீ எதுக்குன்னு கேப்பாங்கம்மா."

ஹாலில் மூன்று பேரும் எழுந்துவிட்டார்கள்.

தனபால் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, போகிற போக்கில் சொன்னான்.

"எனக்கு ஓகே பாப்பா. பாஷாவுக்குத்தான் கஷ்டம். அவன் ஏணி மேல நின்னுகினு இருப்பான். முப்பது செகண்டுல போய்டுது அந்த 'ஏற்கிறேன்' பட்டனு. எறங்கி வர்றதுக்குள்ள வேலை வேற ஆளுக்குப் போய்டும்."

பாஷா ஒரு காலில் செருப்போடு நின்றான்.

"எனக்கு இன்னா நைனா கஷ்டம்? மூர்த்திய சொல்லு. மெயின ஆஃப் பண்ணிட்டு இருட்டுல நிப்பான். இதுல முன்னாடி ஒரு போட்டோ, பின்னாடி ஒரு போட்டோ கேக்குது. இருட்டையே ரெண்டு தபா எடுத்து அனுப்புவானா?"

பவித்ரா சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வாசலிலேயே தரையில் உட்கார்ந்தாள். கேள்வியை மாற்றினாள். உங்களுக்கு என்ன கஷ்டம் என்பதை விட்டுவிட்டாள். அவருக்கு என்ன கஷ்டம் மாமா என்றாள்.

அவ்வளவுதான். மூன்று பேரும் திரும்ப உள்ளே வந்தார்கள்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான் — 'இதுக்கு முன்னாடி யாருங்க பண்ணது?' உச் கொட்டுவோம். தலையை ஆட்டுவோம். முன்னாடி பண்ணதும் நாம்தான் என்று சில சமயம் பாதி வேலையில் ஞாபகம் வரும். அப்போதும் நிறுத்த மாட்டோம்.

தன் கஷ்டத்தைச் சொல்ல யாருக்கும் வாய் வருவதில்லை. சொன்னால், தெரியாதவன் ஆகிவிடுவோம். அடுத்தவன் கஷ்டமா? எவ்வளவு வேண்டும்?

மூர்த்தி தனபாலைப் பிடித்தான். வேலை முடிந்தால் கஸ்டமர் போனுக்கு ஒரு நம்பர் வரும், அதைக் கேட்டு வாங்கி ஆப்பில் போட வேண்டும். மாட வீதிப் பக்கம் மாமிகள் வீட்டில் அது நடக்குமா என்றான். கதவு சரியாகிவிடும். நம்பர் எங்கே என்றால், 'ஆத்துக்காரர் போனுக்குன்னா வரும், அவர் மீட்டிங்ல இருக்கார்' என்பார்கள். தனபால் சாயங்காலம் வரை அந்தக் கதவுக்குக் காவல் நிற்க வேண்டியதுதான்.

தனபால் சும்மா இருப்பானா? மூர்த்திக்கு மேப் பார்த்துப் போகத் தெரியாது, தி.நகரில் துணிக்கடைக் கூட்டத்துக்குள் வண்டியை விட்டுவிட்டு நிற்பான் என்றான். பாஷா நடுவில் புகுந்து இரண்டு பேரையும் சேர்த்துச் சொன்னான். பவித்ரா தலை நிமிரவில்லை. தட்டிக்கொண்டே இருந்தாள்.

ஒருவரை ஒருவர் முடித்ததும் என் பக்கம் திரும்பினார்கள். நான் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன். அதுதான் நான் செய்த தப்பு.

"உங்கப்பாவ எடுத்துக்க பாப்பா," என்றான் மூர்த்தி. "கொழாய கழட்டி பாப்பாரு. அப்புறம் வாஷர் வாங்க கடைக்குப் போவாரு. அடையாறு பூரா சுத்துவாரு. இதுல வேலை முடிஞ்சுது, வேலை வேணாம், ரெண்டு பட்டன்தான் கீது. கடையில நின்னுகினு இவரு எத்த அமுக்குவாரு?"

பவித்ராவின் கை நின்றது. என்னைப் பார்த்தாள். அப்புறம் ரொம்ப வேகமாகத் தட்டினாள்.

கடைக்குப் போகாத ஆள் எங்களில் யார்? நாலு பேரும் போகிறோம். ஆனால் மாட்டிக்கொண்டது நான் மட்டும்தான். அதோடு விட்டார்களா? பாஷா தொடர்ந்தான். தனபால் தொடர்ந்தான். கடைசியாகக் கரண்டியோடு செல்வி வந்தாள்.

"உங்கப்பாவுக்கு இன்னா மெசேஜ் போட்டாலும் 'ம்'னுதான் பதில் வரும். இதுல ம் பட்டன் கீதா?"

அதையும் எழுதிக்கொண்டாள்.

திங்கட்கிழமை பெசன்ட் நகரில் ஒரு வீட்டில் சிங்க்குக்கு அடியில் படுத்திருந்தேன். போன் அடித்தது. கை ஈரம். விரலை வைத்துத் தேய்த்தேன், எடுக்கவில்லை. மூன்று தடவை அடித்து ஓய்ந்தது. பிறகு மெசேஜ் வந்தது.

'கெடச்சிடுச்சுப்பா.'

கையைத் துடைத்துவிட்டு இரண்டு தடவை படித்தேன். 'ம்' என்று அனுப்பினேன்.

சாயங்காலம் வந்து சொன்னாள். 'கடைக்குப் போயிருக்கிறேன்' என்று ஒரு பட்டன் வைக்கப் போகிறார்களாம். முதல் வேலை அதுதானாம். இப்படிக் கேட்க எங்கே கற்றுக்கொண்டாய் என்று பெரியவர் ஒருவர் கேட்டாராம். வீட்டு வாசலில் என்றாளாம். அவர்கள் அதற்கு ஒரு இங்கிலீஷ் பேர் வைத்துவிட்டார்கள்.

அந்தப் பட்டியலை எனக்கும் காட்டினாள். ஒவ்வொரு குறைக்கும் பக்கத்தில், அது யாருக்குக் கஷ்டம் என்று சொன்னார்களோ அவர் பேர். ஆபீஸில் பேரை எடுத்துவிட்டாளாம். வீட்டுப் பிரதியில் எடுக்கவில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாக எண்ணினேன்.

மொத்தம் முப்பத்தேழு குறை. தனபால் பேரில் ஐந்து. மூர்த்தி பேரில் ஆறு. பாஷா பேரில் ஏழு.

என் பேரில் பத்தொன்பது.