டூருக்குள் வராத மதில்

கொழும்புக் கோட்டையில் ஜனாதிபதிகள் முன்பு குடியிருந்த மாளிகை ஒன்றை இப்போது டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள். நானும் போனேன். ஒல்லாந்தர் கட்டியது, வெள்ளைக்காரத் தேசாதிபதிகள் விருந்து வைத்தது, ஜனாதிபதி படுத்த கட்டில், குளியலறைக் குழாய் என்று வழிகாட்டி ஒன்றும் விடாமல் ஒப்புவித்தார். வெளி மதிலைப் பற்றி மட்டும் ஒரு சொல் இல்லை.

"யுத்த நேரம் இந்த மதிலடியில ஆமிக்காரர் சனத்தை மறிச்சு வைச்சவை. அதைச் சொல்லேல்லையே?" என்றேன்.

"அதெல்லாம் டூருக்குள்ள வராது, அன்ரி."

வராதாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வராவிட்டால் நான் சொல்கிறேன்.

அப்போது நாங்கள் யாழ்ப்பாணத்தில் இருந்து புதிதாக வந்தவர்கள். வெள்ளவத்தையில் லொட்ஜ் அறை ஒன்றுக்குள் நாலு பேர். அப்பாவுக்கு வேலை இல்லை. மாளிகைக்குப் பின்தெருவில் ஒரு கப்பல் கம்பனியில் எனக்குக் கிளார்க் வேலைக்கு நேர்முகப் பரீட்சை, காலை பத்து மணிக்கு. அது கிடைத்தால்தான் வீட்டில் அடுப்பெரியும் என்ற நிலை.

மதிலடிக் காவலரணில் நின்ற ஆமிக்காரன் என் அடையாள அட்டையையும், கொழும்புக்கு வந்து தங்கும் தமிழர் குடும்பத்தில் எல்லார் பேரையும் பதிந்து வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டையும் பார்த்துவிட்டு, "தாத்தா கோ?" என்றான். 'கோ' என்றால் எங்கே என்று தெரியும். அம்மாவின் தகப்பனை நாங்கள் தாத்தா என்போம். அவர் செத்துப் பல வருஷம். இந்த மனுசனுக்கு அவர் எதற்கு என்று யோசித்தபடி, அரைகுறைச் சிங்களத்தில் "தாத்தா மளா" என்றேன். செத்துவிட்டார் என்று.

சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா என்பது எனக்கு எப்படித் தெரியும்? பதிவுத் துண்டின் முதல் வரியில் அப்பா உயிரோடு, குடும்பத் தலைவராக இருந்தார். பொய்க்காரி என்று முடிவுகட்டி மதிலைப் பார்க்க வெயிலில் நிறுத்திவிட்டான். தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிட ஒரு நிமிஷம் போதும். பகல் ஒரு மணி தாண்டித்தான் கூப்பிட்டார்கள். வந்தவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். ஆமிக்காரனும் சிரித்தான். எனக்கு வந்த ஆத்திரத்தை விழுங்கிக்கொண்டு கம்பனிக்கு ஓடினேன். வேறொருத்தியை எடுத்துவிட்டிருந்தார்கள்.

லொட்ஜுக்குத் திரும்பி அழுதழுது நடந்ததைச் சொன்னேன். அப்பா அவர்களைத் திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. கட்டிலில் இருந்தபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"இனிமேல் கேட்டா, ஓம், அப்பாவும் செத்திட்டார் எண்டே சொல்லு பிள்ளை. துண்டில இருந்து என்ர பேரை நான் வெட்டுவிக்கிறன்."