நிறைந்த வயிற்றோடு வைத்த இலை

ரூபாயின் மதிப்பைக் குறைத்த ஆண்டின் மழைக்காலம் அது. எதையும் தேதியோடு சொல்லிப் பழகியவன் நான். ஆனால் இந்த விஷயம் எந்த ஞாயிற்றுக்கிழமை தொடங்கியது என்று கேட்டால் எனக்கே நிச்சயமில்லை. மூன்று படித்த ஆட்கள், கெட்ட எண்ணம் துளியும் இல்லாமல், ஒரு பெண்ணின் சமையலைக் கெடுத்தோம். அவருக்குக் காய்ச்சலில் நாக்கு சுவை இழந்திருந்தது. எங்கள் இலைகளைப் பார்த்துத்தான் அவர் உப்புப் போட்டுக்கொண்டிருந்தார். அது எங்களுக்குத் தெரியாது.

போர்ட் பிளேயரில் டெய்ரி ஃபார்ம் பகுதியிலிருந்து இறங்கும் சாலையோரம், தகரக் கூரையும் பலகைச் சுவரும் கொண்ட கடை. நடத்தியவர் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். எல்லோருக்கும் அக்கா. வாரநாட்களில் சாதாரண டீக்கடைதான். ஞாயிறன்று மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து அக்கா அடுப்புப் பற்றவைத்து, ஆப்பமும் சூரை மீன் குழம்பும் தயாராவதற்குப் பதினோரு மணி ஆகிவிடும். காலைப் பலகாரமும் இல்லை, மத்தியானச் சாப்பாடும் இல்லை. குவார்ட்டர்ஸில் இருந்த நானும் தஞ்சாவூர்க்காரரும் மதுரைக்காரரும், எங்களைப் போன்ற மற்றத் தனிக்கட்டைகளும் அதைப் 'பதினோரு மணி' என்றே சொல்லுவோம். "பதினோரு மணிக்குப் போலாமா?" என்று ஒருவர் கேட்டால் அது நேரத்தைப் பற்றிய கேள்வி அல்ல.

மரியாதையான உபசாரம் என்று அங்கே ஒன்றும் கிடையாது. என்ன வேண்டும் என்று அக்கா கேட்கமாட்டார், முகத்தைப் பார்ப்பார். "நேத்து ராத்திரி தூங்கலியோ? ஒமக்கு இன்னைக்கு மீனு வேண்டாம், தேங்காப்பால் ஊத்திச் சாப்பிடும்" என்பார். மறுத்துப் பேசினால் இரண்டுமே வராது. நான் மெயின்லாண்டிலிருந்து வந்து இறங்கிய முதல் வாரம், கப்பலில் வாந்தி எடுத்த களைப்பு போகாமல் உட்கார்ந்திருந்தபோது, எட்டு ஆப்பம் தின்னவைத்தவர் அவர்தான்.

அந்த மழைக்காலத்தில் அக்காவுக்கு மலேரியா வந்தது. கடை சில வாரங்கள் மூடிக் கிடந்தது. அந்த இடைவெளியில், சற்று மேலே, மதராஸிலிருந்து வந்த ஒருவர் சைவ ஹோட்டல் திறந்தார். கண்ணாடி பதித்த சுவர், பளிங்கு மேசை, நெய் மிதக்கும் பொங்கல், உளுந்து வடை. கப்பல் தாமதமானால் ஊர் முழுக்க உளுந்து கிடைக்காது, அவருக்கு மட்டும் எப்படியோ கிடைத்தது. நாங்கள் ஊரை விட்டு வந்த பிறகு பொங்கலையே பார்த்திராதவர்கள். ஞாயிறு காலை எட்டரைக்கெல்லாம் அங்கே போய் உட்கார்ந்தோம். ஒன்பதரைக்குப் பொங்கல் தீர்ந்துவிடும்.

பிறகு அக்கா எழுந்து கடையைத் திறந்தார். மெலிந்து, முகம் கறுத்திருந்தது. பொங்கல் தின்றுவிட்டு இறங்கி வந்த எங்களை வாசலில் நின்றபடி பார்த்துச் சிரித்தார்.

"எல்லாரும் உசுரோடதான் இருக்கீயளா? நான் செத்தேம்னு நெனச்சீயளோ?"

உள்ளே பெஞ்சுகள் காலி. தஞ்சாவூர்க்காரர் என் கையை அழுத்தினார். "பாவம், ஒரு ஆப்பமாவது தின்னுட்டுப் போவோம். இல்லேன்னா மனசு கேக்காது."

"எனக்குக் கழுத்து வரைக்கும் நிக்குதுய்யா" என்றார் மதுரைக்காரர்.

"கழுத்துக்கு மேல இன்னும் எடம் இருக்குல்ல. வாங்க."

உட்கார்ந்தோம். அப்படித்தான் வழக்கமாயிற்று. ஞாயிறுதோறும் முதலில் மேலே பொங்கல், பிறகு கீழே பாவமன்னிப்புக்கு ஒரு ஆப்பம். மேல் ஹோட்டலை விட மனம் வரவில்லை, கீழ்க் கடையைக் கடந்துபோகவும் மனம் வரவில்லை. இரண்டு இடத்திலும் தின்றுவிட்டால் யாருக்கும் துரோகம் இல்லை என்று கணக்கு. குவார்ட்டர்ஸில் இன்னும் நாலைந்து பேர் எங்களைப் பார்த்து இதையே செய்தார்கள். அக்கா கடையில் கூட்டம் சேர்ந்தது என்று எங்களுக்குள் பெருமையும் இருந்தது.

ஆப்பத்தைக் கிள்ளி, குழம்பைத் தொட்டு, பாதி மீனோடு இலையை மூடிவிட்டு எழுந்திருப்போம். "எப்படி இருந்திச்சு?" என்று அக்கா கேட்பார். அதுவரை அவர் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை. நாங்கள் கவனிக்கவில்லை.

"பிரமாதம், அக்கா" என்போம். எல்லோரும்.

குழம்பு மாறத் தொடங்கியது. ஒரு வாரம் உப்பே இல்லை. அடுத்த வாரம் புளி தூக்கலாக இருந்தது. வயிறு நிறைந்தவர்களுக்கு எதுவும் பெரிதாக உறைக்காது. உறைத்தது புரோத்ராபூரிலிருந்து வரும் வங்காளித் தச்சருக்குத்தான். பசியோடு வந்து பத்து ஆப்பம் தின்பவர்.

"தீதி, நமக் கிதர் கயா? ஜஹாஜ் மே ரஹ் கயா க்யா?" என்று சத்தமாகக் கேட்டார்.

"உப்பு கப்பல்லயே நின்னுட்டாம். இவரு போயி எறக்கிட்டு வருவாரு" என்று அக்கா எங்களைப் பார்த்துச் சொன்னார். சிரித்தோம். அக்கா சிரித்தது போலத்தான் இருந்தது.

அடுத்த வாரம் அதே தச்சர் முதல் வாயிலேயே தண்ணீர் செம்பைத் தேடினார். "ஆஜ் பூரா சமுந்தர் டால் தியா!" கடலையே ஊற்றிவிட்டாயா என்று கேட்கிறார் என்பது எல்லோருக்கும் புரிந்தது. அதற்கடுத்த ஞாயிறு தச்சர் வரவில்லை. மீன்பிடிக்கிற வீடுகளிலிருந்து வழக்கமாக வரும் இரண்டு மூன்று பேரும் நின்றுவிட்டார்கள். மிச்சமிருந்தவர்கள் நாங்கள்தான், பசியில்லாதவர்கள்.

ஒரு ஞாயிறு கை கழுவப் பின்பக்கம் போனேன். மழை விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. அக்கா, நாங்கள் எடுத்துப் போட்ட இலைகளைக் கூடையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என் இலையையும் பிரித்தார். பாதி ஆப்பம், கிள்ளப்படாத மீன் துண்டு. அதை முகர்ந்து பார்த்தார். விரலால் குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்து, ஒன்றும் அகப்படாதவர் போல நின்றார்.

"என்ன அக்கா பாக்குறீங்க?"

திடுக்கிட்டுத் திரும்பினார். பிறகு, பார்த்துவிட்ட ஆளிடம் மறைத்து என்ன என்பது போல, "காய்ச்சலுக்கப்புறம் நாக்கு செத்துப்போச்சு சார். எதைப் போட்டாலும் ஒரே கசப்பு. உப்பா, ஒறப்பா, ஒண்ணும் தெரியல" என்றார்.

"வீட்ல யாரையாவது..."

"எங்க வீட்டுக்காரரா? அவரு கடல்தண்ணியக் கொதிக்கவச்சுக் குடுத்தாலும் நல்லாருக்கும்பாரு. நீங்கல்லாம் மட்டும் என்ன? வாய் நல்லாருக்குன்னுதான் சொல்லும். இலையப் பாத்தாத்தான் தெரியும். மிச்சம் கெடந்தா உப்புக் கூடிப்போச்சுன்னு கொறைச்சேன். அப்பயும் கெடந்துச்சு. சரி, கொறஞ்சுபோச்சு போலன்னு கூட்டினேன். அப்பயும் கெடக்கு. இனி என்ன செய்யட்டும், சொல்லும்."

என் கையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சட்டையில் நெய் வாசனை வருவது எனக்கே தெரிந்தது. பேசாமல் போய்விடலாம் என்று தோன்றியது உண்மை. ஆனால் அவர் அடுத்த இலையைப் பிரிக்கக் குனிந்தார். அது மதுரைக்காரருடையது. அதில் கை படவே இல்லை.

சொல்லிவிட்டேன். மேல் ஹோட்டலையும் பொங்கலையும் எட்டரை மணியையும், எல்லாவற்றையும்.

அக்கா கூடையைக் கீழே வைத்தார்.

"வயிறு முட்டத் தின்னுட்டு வந்து எதுக்குய்யா என் கடையில உக்காந்தீய?"

"வராம இருந்தா நீங்க வருத்தப்படுவீங்கன்னு..."

"நான் வருத்தப்பட்டுட்டுப் போறேன். அது என்பாடு. இப்பம் கொழம்புல்லா கெட்டுப்போச்சு!" அவர் குரல் உயர்ந்தது. "அந்த வங்காளத்தான் உள்ளதச் சொன்னான். அவன நம்பல, ஒங்க இலைய நம்புனேன். அவன் ஒருத்தன், நீங்க எட்டுப் பேருல்லா!"

முன்பக்கத்திலிருந்து மதுரைக்காரர், "அக்கா, இன்னைக்கும் பிரமாதம்!" என்று கூவினார். அக்கா என்னைப் பார்த்தார். எங்கே பார்ப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு அவர் வாசலிலேயே நின்றார். "சாப்ட்டாச்சா?" என்று ஒவ்வொருவரையும் கேட்டார். எந்த வீட்டிலும் யாரும் கேட்கிற கேள்விதான். ஆனால் அன்று அதற்கு உண்மையான பதில் தேவைப்பட்டது. ஆயிற்று என்றவர்களைக் கோபமில்லாமல், "அப்பம் காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்று அனுப்பினார். தஞ்சாவூர்க்காரர் காப்பி குடித்தார். நான் முதல் நாள் இரவிலிருந்தே ஒன்றும் சாப்பிடாமல் போயிருந்தேன்.

"ஒமக்கு வேற வேல" என்று உள்ளே கூப்பிட்டு, அடுப்பிலிருந்த குழம்பை ஒரு கரண்டி என் கையில் ஊற்றினார். "உப்புப் பாரும்."

சுவைத்தேன். குறைவாகத் தெரிந்தது. "கொஞ்சம் போடலாம்" என்றேன். போட்டார். புளி? "போதும்." காரம்? "கொஞ்சம்." பழைய குழம்பு எப்படி இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவு வரவில்லை. எத்தனையோ ஞாயிறு தின்ற குழம்பு. எந்தக் கப்பல் எந்த மாதம் வந்தது என்று சொல்லக்கூடிய எனக்கு, இது தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதேதான்" என்றேன்.

அன்று முதல் ஞாயிறுதோறும் கடை திறக்கும் முன்பு என் உள்ளங்கையில் ஒரு கரண்டி. நான் சொன்னதுதான் அளவு. மீன்பிடிக்கிற வீட்டுக்காரர்கள் திரும்பி வந்தார்கள். தச்சரும் வந்து தின்றார். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பத்து ஆப்பம் ஆறாகக் குறைந்திருந்தது. நான் எண்ணவேண்டும் என்று எண்ணவில்லை. கண் தானாக அங்கே போனது. மேல் ஹோட்டல் பக்கம் நான் போவதை விட்டுவிட்டேன். அதனால் யாருக்கும் ஒரு லாபமும் இல்லை.

மழை குறைந்து, கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு ஞாயிறு, என் கையில் குழம்பை ஊற்றிவிட்டு, கரண்டியில் ஒட்டியிருந்ததை அக்கா பழக்கத்தில் நாக்கில் வைத்தார். நின்றார். இன்னொரு முறை வைத்தார். கண் விரிந்தது.

"உப்புத் தெரியுது!" என்றார். உடனே முகம் சுருங்கியது. சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"யாரு வச்ச கொழம்புய்யா இது?"

பதிலுக்கு அக்கா காத்திருக்கவில்லை. புளியைக் கரைத்து ஊற்றினார், மிளகாய்த்தூளை இரண்டு விரலால் எடுத்துத் தூவினார், உப்பை ஒரே வீச்சில் போட்டார், கொதிக்கவிட்டார். பிறகு எனக்கு ஊற்றினார். வாயில் வைத்ததும் நினைவு வந்துவிட்டது. கப்பல் களைப்போடு முதல் வாரம் உட்கார்ந்து தின்ற குழம்பு. இத்தனை வாரமும் ஊரையே வேறொன்றைத் தின்னவைத்திருக்கிறேன், அக்கா பெயரில்.

"இது எப்படி?" என்றார்.

வாயால் சொல்ல வெட்கமாக இருந்தது. வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்து இலையை விரித்தேன். பக்கத்தில் தச்சர் முதல் துண்டைத் தோய்த்து வாயில் போட்டுக்கொண்டு, மென்றபடியே நிமிர்ந்து, "தீதி ஆ கயீ" என்றார். அக்கா வந்துவிட்டார் என்று. அவர் எப்போதும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்.

நான் என் இலையில் ஒரு முள்ளைத் தவிர எதுவும் வைக்கவில்லை. எழுந்தபோது அக்கா வந்து, நான் மடித்த இலையைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் கூடையில் போட்டார்.