படலையில் இரண்டு தட்டு

எங்கள் வீட்டு வாசல் படலைக் கட்டையின் தலையில் ஒரு கல் இருக்கிறது. கறுப்பு நிறம், ஒரு பக்கம் தட்டை, கைக்குள் அடங்கும் அளவு. படலை தகரத்தால் ஆனது. கல் பட்டுப் பட்டுத் தகரத்தில் ஓரிடம் பள்ளமாகிவிட்டது. போன மாதம் நிறம் பூச வந்தவர், அதை நிமிர்த்தி விடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கல்லையாவது எடுத்து வீசட்டுமா என்றார். அதற்கும் வேண்டாம் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் பள்ளத்தின் மேலேயே பச்சை பூசிவிட்டுப் போனார்.

அந்தக் கல் மாமியுடையது. அப்பாவின் தங்கை. சாம்பல்தீவில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டதால், மேலே படிக்க என்னை அன்புவழிபுரத்தில் இருந்த மாமி வீட்டில் விட்டார்கள். வெள்ளைக்காரர் துறைமுகத்தை விட்டுப் போய் இரண்டொரு வருடம் ஆகியிருந்த காலம். மாமிக்குப் பிள்ளைகள் இல்லை. வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பகலில் வைத்துப் பார்த்தாள். மாமா ஒரு விறகு காலையில், அதாவது விறகுக் கிடங்கில், லொறி ஓட்டினார். காட்டுப் பக்கத்திலிருந்து விறகு ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு லொறியோடு வீட்டுக்கு வருவார்.

பெருந்தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் எங்கள் ஒழுங்கை ஒடுக்கமானது. உள்ளே வந்த லொறி திரும்ப ஏலாது. ஆகவே மாமா பெருந்தெருவில் நிறுத்தி, பின்பக்கமாகவே ஒழுங்கைக்குள் வருவார். பின்னால் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. விறகுக்காக உயர்த்திக் கட்டிய பலகைகள் மறைத்துவிடும். அதற்குத்தான் கல். ஒழுங்கை முனையில் ஹோர்ன் சத்தம் கேட்டதும் மாமி படலையைத் திறந்து வெளியே வந்து இரண்டு பக்கமும் பார்ப்பாள். ஆள் இல்லையென்றால் கல்லை எடுத்துத் தகரத்தில் இரண்டு தட்டு. வரலாம். ஒரு தட்டு என்றால் நில். மாமா சின்ன வயதில் பஸ்ஸில் கிளீனராக நின்றவர். பஸ்ஸின் தகரத்தில் தட்டித் தட்டியே தொழில் பழகியவர். அந்தப் பாஷையை அவர்தான் மாமிக்குச் சொல்லிக் கொடுத்தார். கல்யாணம் முடித்த புதிதில் இருவரும் கடற்கரைக்குப் போனபோது அந்தக் கல்லைப் பொறுக்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

கயிற்றைப் பற்றியும் சொல்லவேண்டும். வீட்டு வளவில் சுற்றுக்கட்டு இல்லாத கிணறு ஒன்று இருந்தது. மாமி பழைய சேலைகளைக் கிழித்து முறுக்கிக் கயிறாக்கி, ஒரு நுனியைப் பிள்ளையின் அரைஞாணிலும் மறு நுனியை விறாந்தைத் தூணிலும் கட்டுவாள். கயிற்றின் நீளத்தை ஒவ்வொரு பிள்ளையையும் கையில் பிடித்து நடத்திப் பார்த்துத்தான் முடிவு செய்வாள். மாமரத்தடி எட்டும், கோழிக்கூடு எட்டும், கிணறு எட்டாது, படலை எட்டாது. இன்றைக்கு யாராவது இப்படிச் செய்தால் நானே போய்ச் சண்டை பிடிப்பேன். கயிறு இருந்தவரை அந்த வீட்டில் ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை என்பதையும் நான் எழுதித்தான் ஆகவேண்டும்.

பிள்ளைகளில் ஒருவனின் தாய் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தாள். அவனை எல்லோரும் குட்டியன் என்றுதான் கூப்பிட்டோம். நடக்கப் பழகியதும் ஓடப் பழகிவிட்டவன். ஒருநாள் வேலை முடிந்து நேரத்தோடு வந்த தாய் கயிற்றைப் பார்த்துவிட்டாள்.

“இதென்னக்கா, மாட்டுப்பட்டியே வைச்சிருக்கிறியள்?”

“மாடு எண்டாலும் பால் தரும், தங்கச்சி. இதுகள் குடிக்க மட்டுந்தான்,” என்றாள் மாமி.

தாய் சிரிக்கவில்லை. பிள்ளையைக் கட்டிவைப்பது எவ்வளவு பிழை, கழுத்தில் சுற்றினால் என்ன நடக்கும், அப்படிச் சுற்றிய பிள்ளையைத் தான் வாட்டில் பார்த்தது என்று பொறுமையாகவே சொன்னாள். அவள் சொன்னதில் பிழையில்லை. மாமியும் கேட்டுக்கொண்டாள். அடுத்த நாளே கிணற்றைச் சுற்றித் தடி நட்டுக் கிடுகு கட்டினாள். படலைக்கு ஒரு கயிற்று வளையம் போட்டாள். பிறகு பிள்ளைகளை அவிழ்த்துவிட்டாள். மாமா கிணற்றடி வேலியைப் பார்த்து என்ன என்று கேட்டபோது, கோழி விழுகுது என்றாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பிள்ளைகளை அறைக்குள் விட்டுவிடுவாள். கயிறு அவிழ்த்ததைச் சொன்னால், அந்தத் தாயோடு கதைத்துச் சண்டையாக்கிப் பிள்ளை பார்க்கிற வேலையையே மாமா நிறுத்திவிடுவார் என்று அவளுக்குப் பயம். இதை அவள் என்னிடம் பல வருடங்களுக்குப் பிறகுதான் சொன்னாள்.

அந்த வாரம் முடிவதற்குள் அது நடந்தது. நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். பிறகு கேட்டு அறிந்ததை வரிசைப்படி எழுதுகிறேன். ஹோர்ன் சத்தம் கேட்டு மாமி போய்ப் படலையின் வளையத்தைக் கழற்றினாள். வெளியே கால் வைக்கும் முன் உள்ளே கைக்குழந்தை ஒன்றுக்குப் புரைக்கேறியது. மாமி திரும்பி ஓடினாள். படலை திறந்தபடி கிடந்தது. பெருந்தெருவில் லொறிக்குப் பின்னால் ஒரு பஸ் வந்து நின்று விடாமல் ஹோர்ன் அடித்தது. லொறியின் கிளீனர் வழியிலேயே ஒரு கடை வாசலில் இறங்கிவிட்டான். மாமா தட்டுக்காகக் காத்திருந்தார். தட்டு வரவில்லை. பஸ்காரன் ஏசினான். இந்த நேரத்தில் பிள்ளைகள் கயிற்றில் இருக்கும் என்று மாமா நினைத்தார். லொறியைப் பின்னால் எடுத்தார்.

குட்டியன் சாகவில்லை. இடது பாதம் நசுங்கிவிட்டது.

பொலிஸ் மாமா மேல் வழக்குப் போட்டது, கவலையீனமாக வாகனம் செலுத்திக் கடுங்காயம் விளைவித்தார் என்று. விறகு காலை முதலாளி வழக்குப் பேச ஒரு பிரக்கிராசியைப் பிடித்துக் கொடுத்தார். அவர் வீட்டுக்கே வந்து, கதிரையில் இருந்து, தேத்தண்ணி குடித்துக்கொண்டு, வழக்கை எங்களுக்கு விளக்கினார். பெண்சாதியைப் புருஷனுக்கு எதிராகச் சாட்சி சொல்லப் பொலிஸ் கூப்பிட ஏலாது. ஆனால் அவருக்குச் சார்பாகத் தாங்கள் கூப்பிடலாம் என்றார். லொறிக்கு வழி சொல்வது மாமிதான் என்று ஒழுங்கை முழுக்கத் தெரியும். ஆகவே மாமி சாட்சிக் கூட்டில் ஏறி, தான் இரண்டு தட்டுத் தட்டியதாகச் சொன்னால் போதும். தட்டுக் கேட்டபிறகு வந்தவர் கவலையீனமாக வந்தவர் ஆகமாட்டார். மாமிக்கு என்ன ஆகும் என்று நான்தான் கேட்டேன். பிள்ளையைப் பொறுப்பெடுத்தவளுக்கும் சட்டத்தில் கடமை உண்டு, பொலிஸ் அந்தப் பக்கம் திரும்பினாலும் திரும்பலாம், ஆனால் அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். மாமி தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

வழக்குக்கு நாள் குறித்த பிறகு அந்த வீட்டில் இருந்த காலத்தை நான் மறக்கமாட்டேன். பிள்ளைகள் ஒருவரும் வரவில்லை. தூண்களில் கயிறுகள் மட்டும் தொங்கின. மாமி அவற்றை அவிழ்த்து அலுமாரிக்குள் வைப்பாள். பிறகு அலுமாரியைத் திறக்கும்போது கண்ணில் படுகிறது என்று திரும்ப எடுத்துத் தூணிலேயே மாட்டுவாள். லைசன் போனால் மாமாவுக்கு வேறு தொழில் தெரியாது. தட்டினேன் என்று சொன்னால், லொறியைக் கூப்பிட்டுப் பிள்ளையின் மேல் ஏற்றியவள் என்ற பெயர் மாமிக்குச் சாகும்வரை நிற்கும். தட்டவில்லை என்று சொன்னால் புருஷனைக் காட்டிக் கொடுத்தவள். பேசாமல் இருந்தாலும் அதே பெயர்தான். எந்தக் கதவைத் திறந்தாலும் அதே அறைக்குள்தான் வந்து நின்றாள்.

மாமா அவளிடம் எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒருநாள் மதியம் சோற்றைப் பிசைந்துகொண்டு, அவளைப் பார்க்காமலே சொன்னார்.

“நீ தட்டின மாதிரித்தான் எனக்கு இருந்தது.”

மாமி அகப்பையைச் சட்டிக்குள் வைத்தாள். “நான் தட்டேல்லை.”

“நீ தட்டினனி எண்டு நான் சொல்லேல்லையே. தட்டின மாதிரி இருந்தது எண்டுதான் சொல்லுறன்.”

அதற்குப் பிறகு அவர் அதைத் திரும்பச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அந்தச் சொல் எங்களோடு சேர்ந்து சாப்பிட்டது, எங்களோடு கிணற்றடிக்கு வந்தது. அவர் பொய் சொன்னாரா, அல்லது உண்மையிலேயே அப்படி நம்பத் தொடங்கிவிட்டாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஒவ்வொரு நாளும் கேட்ட சத்தம் கேட்காத நாளிலும் காதுக்குள் இருக்கலாம்.

வழக்கு நாளில் மாமி என்னைத் துணைக்குக் கூட்டிப்போனாள். கோட்டில் நான் பின்வரிசை வாங்கில் இருந்தேன். குட்டியனின் தாய் முன் வாங்கில், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பாதத்தில் கட்டு. மாமி கூட்டில் ஏறும்போது அவன் அவளை அடையாளம் கண்டு கையை நீட்டினான். தாய் அந்தக் கையைப் பிடித்து மடக்கினாள்.

பிரக்கிராசி அடுக்கடுக்காகக் கேட்டுக்கொண்டு வந்தார். எத்தனை வருடமாக வழி சொல்லுகிறீர், எதனால் தட்டுவீர், இரண்டு தட்டுக்கு என்ன கருத்து. எல்லாவற்றுக்கும் மாமி சரியாகப் பதில் சொன்னாள். கடைசியில், அன்றைக்கும் இரண்டு தட்டுத் தட்டினீர்தானே என்றார்.

“இல்லை ஐயா. தட்டேல்லை. பிள்ளையளை அவிட்டுவிட்டதையும் நான் அவருக்குச் சொல்லேல்லை. படலையைத் திறந்துபோட்டு ஓடினதும் நான்தான்.”

பிரக்கிராசி தன் கதிரையில் போய் இருந்துவிட்டார். நீதவான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, நீர் தட்டாவிட்டால் லொறிக்காரர் என்ன செய்யவேணும் என்று அவளைக் கேட்டார். மாமி மாமாவைப் பார்த்தாள். வழக்கு வந்தபிறகு அன்றைக்குத்தான் முதல் தடவையாக நேரே பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

“இறங்கிப் பாக்கவேணும்,” என்றாள்.

தீர்ப்புச் சொல்லும்போது நீதவான் ஒன்றைச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் படித்த எதைவிடவும் அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இந்தப் பெண் தட்டியிருந்தாலும் தீர்ப்பு மாறியிராது என்றார். வாகனத்தைப் பின்னால் எடுப்பவன், வழி பார்க்கும் கடமையை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டுத் தான் தப்ப முடியாது. பிள்ளை கயிற்றில் இருக்கும் என்று நினைப்பதற்கும் அவனுக்கு உரிமை இல்லை. அதேபோல, லொறிக்காரன் பார்ப்பான் என்று படலையைத் திறந்துவிட்டுப் போகப் பிள்ளையைப் பொறுப்பெடுத்தவளுக்கும் உரிமை இல்லை. ஒவ்வொருவரும் மற்றவர் பார்க்கவே இல்லை என்று வைத்துக்கொண்டுதான் நடக்கவேண்டும். மாமாவுக்கு அபராதம், ஒரு வருடத்துக்கு லைசன் இல்லை. மாமிக்கு எச்சரிக்கை. ஆக, அந்தப் பொய் ஒருவரையும் காப்பாற்றியிருக்காது. மாமியை மட்டும் இழுத்துக்கொண்டு போயிருக்கும். இது மாமாவின் காதில் விழுந்ததா என்று நான் பல தடவை யோசித்ததுண்டு.

வருடம் முடிந்தும் மாமா லைசனைத் திரும்ப எடுக்கப் போகவில்லை. அதே விறகு காலையில் நிறுக்கும் வேலைக்குச் சேர்ந்தார். சைக்கிளில் போய்ச் சைக்கிளில் வந்தார். முதல் நாள் மதியம் ஒழுங்கை முனையில் சைக்கிள் மணி கேட்டது. மாமி குசினிக்குள் நின்றாள். மணி திரும்பவும் கேட்டது. வெளியே போய்ப் பார்த்தாள். மாமா சைக்கிளை விட்டு இறங்கி முனையிலேயே நின்றார். வா என்று கையைக் காட்டினாள். அவர் அசையவில்லை. மாமி கல்லை எடுத்துத் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினாள். அவர் வந்தார். கைகழுவினார். சாப்பிட்டார்.

அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த இருபது வருடமும் அப்படித்தான். அது தண்டனையா, மன்னிப்புக் கேட்பதா, இனி உன் கை சொல்லாமல் நான் ஓரடியும் வைக்கமாட்டேன் என்ற வாக்கா, எனக்குத் தெரியாது. மாமிக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். நான் படித்து, கந்தோரில் வேலை எடுத்து, அதே வீட்டில் தங்கிவிட்டேன். மாமி ஒரு மதியமும் வேறிடத்தில் நின்றதில்லை. கல்யாண வீடுகளுக்குக் காலையில் போய்ச் சாப்பிடாமல் திரும்புவாள். சாம்பல்தீவில் அப்பா செத்தபோது, பிரேதம் எடுக்கும் முன்பே பஸ் ஏறினாள். “அவர் முனையில நிப்பார், பிள்ளை,” என்றாள் என்னிடம். சொந்த அண்ணனின் பிரேதத்தை விட்டுவிட்டுப் போகிறாள் என்று சனம் கதைத்தது.

குட்டியன் இப்போது வளர்ந்த ஆள். நடக்கும்போது இடது கால் சற்று இழுபடும். மாமியின் செத்தவீட்டுக்கு வந்து, விறாந்தைத் தூணில் சாய்ந்துகொண்டு நெடுநேரம் நின்றான்.

மாமி போனது இந்த மாசியில். எட்டுச் சடங்கு முடிந்து மாமா வேலைக்குப் போன முதல் நாள், நான் லீவில் வீட்டில் நின்றேன். மதியம் மணிச் சத்தம் கேட்டது. நான் படலைக்குப் போனேன். மாமா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒழுங்கை முனையில் நின்றார். முதுகு வளைந்துவிட்டது, சைக்கிள்தான் அவரைப் பிடித்துக்கொண்டு நின்றதுபோல் இருந்தது. என் கை கல்லின் மேல் போய்விட்டது. அது வெயிலில் சுட்டது. எடுத்துத் தட்டினால் நாளைக்கும் தட்டவேண்டும், நாளையன்றைக்கும். கையை எடுத்துவிட்டு, படலையைச் சாத்திக்கொண்டு அவரிடம் நடந்து போனேன்.

“ஒருத்தரும் இல்லை மாமா. வாங்கோ.”

“நீ சொன்னாப் போதாது, பிள்ளை.”

“அப்ப நீங்களே பாருங்கோ.”

அவர் சைக்கிளை வேலியில் சாத்தினார். முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து வேலியின் அடியைப் பார்த்தார். மற்றப் பக்கமும் பார்த்தார். எங்கள் வீட்டுப் படலை வரைக்கும் அப்படியே குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு நடந்தார். படலை மூடியிருந்தது. திரும்பிப் போய்ச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்.

இப்போதும் தினமும் அப்படித்தான் வருகிறார். நான் கந்தோரில் இருக்கும் நாட்களிலும் அப்படித்தான் வருகிறாராம், முன்வீட்டுக்காரி சொன்னாள். கல் அதன் இடத்தில் இருக்கிறது. மாமா படலையைத் திறக்கும்போது ஒரு கையால் அதைத் தொட்டு, விழாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே வருவார்.