தாராவியிலிருந்து செம்பூர் வரை ஒரு புளியோதரை வழக்கு

ரயில் கழிவறைக்குள் மாட்டிக்கொண்ட ஒருவன் எழுதும் பம்பாய்ப் பயணக் கட்டுரை இது. குண்டக்கல் தாண்டி உள்ளே போனேன். கொண்டியைத் தூக்கிவிட்டுத் திருப்ப வேண்டும் என்பது தெரியாமல், ஆதோனி வரை இழுத்தும் உதைத்தும் பார்த்தேன். கடைசியில் ஒரு சர்தார்ஜி வெளியிலிருந்து தோளைக் கொடுத்தார். “என்ன ஆச்சு?” என்று பெட்டியே கேட்டது. எட்டாவது படித்தவனுக்குக் கொண்டி திறக்கத் தெரியவில்லை என்பதைவிட வயிறு சரியில்லை என்பது கௌரவமாகப் பட்டது. வயிற்றைத் தடவிக் காட்டினேன். என் மனைவி உடனே ஓமம் எடுத்துக் கொடுத்தாள். தின்றேன்.

அறுபத்து மூன்று தை மாதம் அது. தாராவியில் வாழ்க்கைப்பட்டிருந்த எங்கள் மகள் செல்விக்கு வளைகாப்பு. வளையல் போட்டு, தலைப்பிரசவத்துக்குத் திருநெல்வேலிக்கு அழைத்துவருவதாக ஏற்பாடு. என் மனைவி ஒரு ஜாடி புளிக்காய்ச்சல் கொண்டுவந்திருந்தாள். தாதரில் இறங்கினால் தாராவிக்கு டாக்சி வேண்டாம், பஸ்ஸே போதும். மூட்டை அதிகமிருந்தால் கண்டக்டர் முறைப்பார். சிரித்துவிடுங்கள், இந்தி தேவையில்லை.

வளைகாப்பு நன்றாகத்தான் நடந்தது. புளியோதரை எங்கள் பங்கு. பஞ்சாமிர்தம் மாப்பிள்ளையின் தாயார் பங்கு. மருமகள் உண்டானால் தன் கையால் பிசைந்து முருகனுக்குப் படைப்பதாக அந்த அம்மாள் நேர்ந்திருந்தார்; அவரை நான் மைனி என்றுதான் கூப்பிடுவேன். கரண்டி கூடாது, வேறு கை கூடாது. விடிகாலையில் நான் பழம் உரித்துக் கொடுக்க, அவர் அண்டாவில் கைவிட்டுப் பிசைந்தார்.

மறுநாள் சாயங்காலம் சந்து முழுக்க வாந்தியும் பேதியும். வந்தவர்களில் பாதிப் பேர் படுத்துவிட்டார்கள். செல்வியும் சுருண்டு கிடந்தாள். வளையல் சத்தத்தை வைத்துத்தான் அவள் புரண்டு படுப்பது தெரிந்தது. சம்பந்தி என் மனைவியின் ஜாடியை எடுத்துச் சாக்கடையில் கவிழ்த்தார்.

“மூணு நாள் ரயில்ல குலுங்குன புளி, ஓய்! வேறென்ன வரும்? இந்தச் சோத்த நம்பி எம் மருமவள அனுப்ப மாட்டேன்.”

வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட். என் மனைவி வெறும் ஜாடியைக் கழுவிக்கொண்டே இருந்தாள். எனக்கு அது தாங்கவில்லை. காலையில் கிளம்பினேன்.

தாராவியிலிருந்து மாதுங்காவுக்கு நடந்தே போய்விடலாம். அங்கே ஒரு தமிழ் டாக்டர் இருந்தார். செல்விக்கு உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீரை அடிக்கடி கொடுக்கச் சொன்னவர், என் வழக்கையும் கேட்டார்.

“யாருக்கு வந்ததுன்னு மட்டும் கேக்காதேயும். யாருக்கு வரலை, அவா என்ன சாப்பிடலைன்னு கேளும். சமைச்சதைவிடப் பச்சையா கைபட்ட பண்டத்துல சந்தேகம் ஜாஸ்தி. பண்ணினவாளுக்கு முன்னாடியே வயிறு சரியில்லாம இருந்திருந்தா, கண்ணுக்குத் தெரியாத கிருமி கையோட வந்துடும்.”

இரண்டு தெரு தள்ளி மாப்பிள்ளையின் பட்டறைக் கணக்கர் வீடு. அவர் மனைவி, அந்த மாமி, பிறத்தியார் வீட்டில் சமைத்ததைத் தொட மாட்டார். வளைகாப்பிலும் புளியோதரை இலையைத் தள்ளிவைத்ததை நானே பார்த்தேன். இப்போது அவரும் பேதியில் படுத்திருந்தார், போர்வைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார்.

“உங்காத்துல நான் என்னத்தச் சாப்டேன்? ஸ்வாமி பிரசாதமாச்சேன்னு பஞ்சாமிர்தம் மட்டும் வாங்கிண்டேன். ருசியா இருந்துதா, இன்னொரு தரம் கேட்டு வாங்கிண்டேன்!”

“எல்லாம் முருகன் செயல் மாமி” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

மாதுங்காவில் லோக்கல் பிடித்து, குர்லாவில் இறங்கி மாறினால் செம்பூர். முதல் முறை போகிறவர்கள் குர்லாவில் கூட்டத்தோடு ஓடாதீர்கள். நான் ஓடினேன், மறுபடி மாதுங்கா பக்கமே போகிற வண்டியில் ஏறிவிட்டேன். ஒரு மணி நேரம் வீண். செம்பூரில் மாப்பிள்ளையின் சித்தப்பா பலகாரம் பொரித்துக்கொண்டிருந்தார். வீட்டில் அத்தனை பேரும் கல்லு மாதிரி இருந்தார்கள்.

“வயித்துக்கா? எங்களுக்கா? நாங்க வந்ததே லேட்டு. பஞ்சாமிர்தம் காலி. அந்தக் கோவத்துல புளியோதரைய ஒரு வெட்டு வெட்டுனோம்லா!”

அவரைக் கட்டிப்பிடிக்கலாம்போல் இருந்தது. ஆனால் திரும்பும் ரயிலில் சந்தோஷம் குர்லாவோடு இறங்கிவிட்டது. வளைகாப்பன்று விடியுமுன், சந்துக் கோடியில் இருந்த கழிவறைக்கு மைனி டப்பாவோடு திரும்பத் திரும்பப் போனதைப் பார்த்திருந்தேன். கொண்டிக்குப் பயந்து நானும் அங்கேதான் தயங்கி நின்றேன். அப்போது அவர் முகம் வெளுத்திருந்தது. விரதக் களைப்பு என்று நினைத்தேன்.

வீட்டில் எல்லோரும் காத்திருந்தார்கள். சொன்னேன்: புளியோதரை இல்லை, பஞ்சாமிர்தம்.

“சாமிக்கு வச்சது எப்படிவே கெடும்?” என்றார் சம்பந்தி. அடுக்களையில் மைனியின் பாத்திரச் சத்தம் நின்றது.

“பழம் உரிச்சது நாந்தான அண்ணாச்சி. ரயில்லயே எனக்கு வயிறு சரியில்ல. எங் கைதான்.”

“கெட்ட கேடு! இத முதல்லயே சொன்னா என்ன? இந்தக் கைய நம்பி எப்படிப் புள்ளைய அனுப்ப?”

மைனி முந்தானையில் கையைத் துடைத்தபடி வாசலுக்கு வந்தார். என்னைப் பார்க்கவில்லை.

“சோறாக்கப் போறது அண்ணாச்சியா? அவுக வீட்டம்மாதான? புளியோதரைல குத்தமில்லன்னு ஆச்சுல்லா. புள்ள ஊருக்குப் போட்டும்.”

சம்பந்தி முணுமுணுத்தார். ஆனால் வெள்ளிக்கிழமை டாக்சி பிடித்துவந்தது அவர்தான்.

போகிறவர்களுக்கு என் யோசனை: சோப்புக்கட்டி ஒன்று மடியிலேயே இருக்கட்டும். வயிறு சரியில்லாத அன்று சமையல் பாத்திரம் பக்கம் போகாதீர்கள், சாமி காரியமானாலும். சாமி பொறுத்துக்கொள்ளும். ரயில் கொண்டியைத் தூக்கிவிட்டுத் திருப்புங்கள்.

தாதர் பிளாட்பாரத்தில் மைனி குழாயைத் தேடிப் போனார். இடுப்பிலிருந்து சோப்பை எடுத்து முழங்கை வரை தேய்த்துக் கழுவினார், விரலிடுக்குகளைக்கூட விடவில்லை. ஈரம் உலரும்வரை கைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்து, அப்புறம்தான் செல்வியின் நெற்றியில் திருநீறு பூசினார். பிறகு முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார்.

“போய்ட்டு வாறோம் மைனி” என்றேன்.

நிற்கவே முடியாத உடம்போடு என் பிள்ளைக்காக அந்த அண்டா முன்னால் உட்கார்ந்தீர்களே, பிரசவம் முடிந்து இவளை மறுபடி இந்த ஊரில் கொண்டுவந்து விட எனக்குப் பயமில்லை என்பதைச் சொல்லவில்லை.