ஸ்காட்லாந்துப் படிக்கட்டும் ஒரு தார்ப்பாயும்

“...அதனால கையை மட்டும் வச்சுடாதீங்க, வியர்வை பட்டா பாலிஷ் போயிடும்” என்கிறார் ராஜேந்திரன். திருவிடைமருதூர் தாண்டி வயல் நடுவே அவருடைய புது மாடிவீடு. குடிக்கத் தண்ணீர் கேட்டு நுழைந்த என்னைப் படிக்கட்டின் முன்னால் நிறுத்திவிட்டார். ஸ்காட்லாந்தில் சமையல் வேலை பார்த்தபோது ஒரு பழைய ஜமீன் மாளிகையில் கண்டதாம். அதையே இங்கே தேக்கில் செதுக்க வைத்திருக்கிறார். கைப்பிடி நெடுக அந்த நாட்டு முள்பூக்கள். முண்டா பனியன் மேல் டை கட்டியதுபோல இருக்கிறது.

திடீரென்று மழை பிடிக்கிறது. மொட்டைமாடியில் இந்தச் சம்பாவுக்கான விதைநெல் காய்கிறது; வேறு விதை கைவசம் இல்லை.

“என்னங்க, தார்ப்பாயை எடுத்துக்கிட்டு ஓடியாங்க, விதை நனையுது!” என்று மேலிருந்து அவர் மனைவி கத்துகிறார்.

திறந்த மாடிக்கதவு வழியாகச் சாரல் உள்ளே அடிக்கிறது.

“முதல்ல கதவைச் சாத்துடி, படி நனையுது!”

“குடிக்கிறது கூழு, கொப்புளிக்கிறது பன்னீரு! உங்க மரப்பூவையா வயல்ல விதைக்கப் போறீங்க?”

இந்தப் பழமொழி இத்தனை கச்சிதமாக விழுந்து நான் கேட்டதில்லை.

வீட்டிலிருக்கும் ஒரே தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ராஜேந்திரன் ஓடுகிறார். பாதிப் படியில் நிற்கிறார். அங்கேயே அதை விரித்து, படிக்கட்டை முழுக்கப் போர்த்தி, ஓரங்களைப் பதமாகச் செருகுகிறார்.