குதிரைப் பண்ணையில் வார்த்த தண்ணீர்

என் தங்கையின் மகளுக்குக் குதிரைப் பைத்தியம். சாதாரணப் பைத்தியம் இல்லை. அறைச் சுவரில் குதிரை, தலையணை உறையில் குதிரை, கணக்குக் கொப்பியின் ஓரமெல்லாம் குதிரை. இங்கே பிறந்து வளருகிற பெண்பிள்ளைகளுக்கு அந்த வயதில் காய்ச்சல் மாதிரி வருகிற வருத்தம் இது, சிலருக்கு மாறிவிடும் என்று என்னோடு வேலை செய்யும் ஜெர்மன்காரிகள் ஆறுதல் சொல்வார்கள். இவளுக்கு மாறுகிற அறிகுறியே தெரியவில்லை. கோடை விடுமுறை வந்தால் குதிரைப் பண்ணையில் போய்த் தங்கிச் சவாரி பழகவேண்டும் என்று கேட்பாள். தங்கை "அடுத்த வருசம் பாப்பம்" என்பாள். தங்கையின் கணவர் அதுகூடச் சொல்லமாட்டார். "பொம்பிளைப்பிள்ளைக்குக் குதிரை என்னத்துக்கு?" என்பதோடு அவருடைய பேச்சு முடிந்துவிடும்.

அவளுக்குப் பன்னிரண்டு வயதான கோடையில், நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். தங்கையும் கணவரும் கொலோனில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார்கள்; கடையைப் பூட்டிவிட்டு ஒரு நாள் நிம்மதியாக இருந்து அவர்களுக்குப் பழக்கமில்லை. எனக்கு வுப்பர்டாலில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. பிள்ளை இல்லை. கணவர் ஒருநாள் காலையில் தேத்தண்ணீர்க் கோப்பையோடு மேசையில் சரிந்தார், அவ்வளவுதான். அந்தப் பிள்ளை நடை பழகியது என் வீட்டில். கடை தொடங்கிய காலத்தில் அவளை என்னிடம் விட்டிருந்தார்கள். என் கணவரின் நெஞ்சில் படுத்தால்தான் நித்திரை வரும் அவளுக்கு. அவர் போன பிறகு, மணி அடிக்காமல் தன் திறப்பால் கதவைத் திறந்துகொண்டு என் வீட்டுக்குள் வருகிற ஒரே ஆள் அவள். அவளை நான் என் பிள்ளையாகத்தான் வைத்திருந்தேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

பண்ணை முன்ஸ்டருக்கு அப்பால், சோளக்காடுகளுக்கு நடுவில் இருந்தது. செங்கல் வீடு, அதோடு ஒட்டினாற்போல் லாயம், விருந்தினர் அறைகள் மேலே. அறைக்குள் போனாலும் குதிரை மணம், காலைச் சாப்பாட்டுப் பாணைக் கடித்தாலும் குதிரை மணம். பண்ணைக்காரி என்னைவிட மூத்தவள், ஆணைப்போல் குரல். முதல்நாளே என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நீயும் ஏறத்தான் வேண்டும், சும்மா பார்த்துக்கொண்டிருக்க இங்கே நாற்காலி கிடையாது என்றாள். எனக்கென்று ஒரு கிழட்டுப் பெட்டைக்குதிரையைக் கொண்டுவந்து நிறுத்தினாள். கபில நிறம், வெள்ளைப் பிடரி, சீனவெடி கொளுத்திப் போட்டாலும் அசையாத சுபாவம். நீளக் கயிற்றில் கட்டி, வட்டமாக நடக்கவிட்டாள். நான் சேணத்தின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தெரிந்த தெய்வங்களை எல்லாம் கூப்பிட்டேன். வேலிக்கு வெளியே நின்ற அவள், என் பெறாமகள், விழுந்து விழுந்து சிரித்தாள்.

"பெரியம்மா, முதுகை நிமித்துங்கோ! கீழை பாக்காதேங்கோ, அது எங்கையும் ஓடாது!"

மூன்றாவது வகுப்பில் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். நானே கடிவாளத்தைப் பிடித்து அந்த மணல் வட்டத்தைச் சுற்றிவந்தேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்கள் ஆட்களின் விழாக்களில் மூலையில் கிடக்கிற கதிரையாகப் பார்த்து உட்காருகிறவளுக்கு, அவ்வளவு உயரத்தில் இருந்து எல்லாரையும் பார்ப்பது புதிது. அவர் போன பிறகு நான் இப்படிச் சந்தோசமாக இருந்ததில்லை.

கடைசிக்கு முதல்நாள் காலையில் அவள் லாயத்தில் இருந்து ஓடிவந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"பெரியம்மா, எனக்கு வயித்துக்குள்ளை நோகுது. ரத்தம் வந்திருக்கு."

பிள்ளைக்குப் பாடசாலையில் எல்லாம் படிப்பித்திருந்தார்கள். ஆனாலும் தனக்கென்று வரும்போது பாடம் நினைவிருக்குமா? நடுங்கிக்கொண்டு நின்றாள். முழங்காலில் சேறு, முடியில் வைக்கோல், காற்சட்டை நனைந்திருந்தது. நான் கட்டிப்பிடித்தேன். பிறகு குளியலறைக்குக் கூட்டிப்போய், இளஞ்சூட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டு, தலையில் இருந்து கால்வரை குளிப்பாட்டினேன். கழுவித் துடைப்பது என் தொழில். உடம்பு அழுக்கானவரைக் கண்டால் என் கை யோசிக்காது, தானாகப் போகும். தலை துவட்டிவிட்டு, மாற்று உடுப்புப் போட்டுவிட்டு, கீழே போய்ப் பண்ணைக்காரியிடம் ஒரு முட்டை கேட்டேன். கோழிக்கூட்டில் இருந்து சூடு ஆறாமல் எடுத்துத் தந்தாள். அதைப் பச்சையாக உடைத்து, என் தலைக்கு வைக்கக் கொண்டுபோன நல்லெண்ணெயில் கொஞ்சம் விட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடி என்றேன். எங்கள் வீடுகளில் பெரியபிள்ளையானவளுக்குக் கொடுக்கிற முதல் மருந்து அது. குடித்துவிட்டு ஓங்காளித்தாள், பிறகு இருவரும் சிரித்தோம்.

அதன் பிறகுதான் தங்கைக்குத் தொலைபேசி எடுத்தேன். சந்தோசச் செய்தி சொல்லப்போகிற துள்ளலோடுதான் எடுத்தேன்.

"எடி, உன்ரை மகள் பெரியபிள்ளையாகீட்டாள்!"

தங்கை ஐயோ என்றாள், சிரித்தாள், அழுதாள். பிறகு கேட்டாள், "இப்ப எங்கை இருக்கிறாள்? ஒருத்தரும் பாக்கேல்லைத்தானே?"

"இஞ்சைதான், குளிச்சுப்போட்டு இருக்கிறாள்."

"குளிச்சவளோ? ஆர் வாத்தது?"

"நான்தான். வேறை ஆர் இருக்கினம் இஞ்சை?"

இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்து இரண்டு தரம் ஹலோ சொன்னேன்.

"அக்கா, நீங்களோ வாத்தனீங்கள்?" என்றாள் கடைசியாக.

பெரியபிள்ளையானவளுக்கு வார்க்கிற முதல் தண்ணீருக்கு எங்களிடம் கண்ட தண்ணி என்று பெயர். அதை மாமி முறையானவள் வார்க்கவேண்டும். அவள் தாலியோடும் பிள்ளைகளோடும் இருக்கவேண்டும். வார்க்கிறவளின் வாழ்க்கைதான் வார்க்கப்படுகிறவளுக்கும் அமையுமாம். எனக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் நடுங்குகிற பிள்ளையை அழுக்கோடு நிறுத்திவைத்து, லண்டனில் இருக்கிற அவளுடைய மாமி, தகப்பனின் சகோதரி, விமானம் ஏறிவரும்வரை காத்திருக்கச் சொல்கிறார்களா? அன்று செய்ததை இன்றைக்கும் செய்வேன்.

"அவருக்கு நான் என்னெண்டு சொல்லுறது?" என்று தங்கை விம்மினாள். "குதிரையிலை மட்டும் ஏத்திப்போடாதேங்கோ. நாங்கள் வாறம்."

மறுநாள் காட்டுக்குள் நீண்ட சவாரி. அவள் பண்ணைக்கு வந்ததே அதற்காகத்தான். ஏறலாமா என்று பண்ணைக்காரியிடம் கேட்டாள். உனக்கு ஏலுமென்றால் ஏறு, இது வியாதி இல்லை என்றாள் அவள். பிள்ளை என் முகத்தைப் பார்த்தாள். ஏறு என்றேன். நானும் என் கிழட்டுக் குதிரையோடு பின்னால் போனேன். பீச் மரங்களுக்கு இடையில் வெயில் விழுந்த பாதை. அவள் முன்னால் நிமிர்ந்து இருந்தாள், அடிக்கடி திரும்பி, நான் விழாமல் வருகிறேனா என்று பார்த்தாள்.

திரும்பி வந்தபோது முற்றத்தில் தங்கையின் கணவரின் கார் நின்றது. தனியாக வந்திருந்தார். மகள் குதிரையில் இருந்து இறங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு போர்வையை எடுத்து அவள் தலையோடு மூடி, பின்சீற்றில் ஏற்றினார். பண்ணையில் தங்கியிருந்த ஜெர்மன் பிள்ளைகள் என்னவோ விபத்து என்று பயந்து பார்த்தார்கள். நான் என் பெட்டியை இழுத்துக்கொண்டு போய் காரின் அருகில் நின்றேன்.

"அக்கா, நீங்கள் ரெயினிலை வாங்கோவன்," என்றார், என் முகத்தைப் பாராமல். "பிள்ளைக்கு இடம் விட்டு இருக்கட்டும்."

ஐந்து பேர் போகிற கார். என்னோடு சேர்த்து மூன்று பேர். பண்ணைக்காரிதான் என்னை ஸ்டேசனில் கொண்டுபோய் இறக்கினாள். உன் ஆட்களுக்கு உன்மேல் என்ன கோபம் என்று கேட்டாள். சவாரித் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, ஜெர்மன் தெரியாதவள்போல் சோளக்காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மாமி லண்டனில் இருந்து வந்தார். கதையைத் திருத்தி எழுதினார்கள்: பிள்ளை வீட்டில்தான் பெரியபிள்ளையானாளாம், மாமிதான் கண்ட தண்ணி வார்த்தாராம், நேரமும் நல்ல நேரமாம். பண்ணையே இல்லை, நானும் இல்லை. பிறகு ஒரு மண்டபம் எடுத்துச் சாமத்தியச் சடங்கு வைத்தார்கள். எனக்கும் கார்ட் வந்தது, குறை சொல்லக்கூடாது. சோடி சோடியாக மேடையில் ஏறி ஆலாத்தி எடுத்தார்கள். என்னைச் சாப்பாட்டுப் பகுதியைக் கவனிக்கச் சொன்னார்கள். வடை காணாமல் போகாமல் பார்த்துக்கொண்டேன். மேடையில் சோடனைக்குள் புதைந்திருந்த பிள்ளை, கூட்டத்துக்குள் என்னைத் தேடிக் கண்டுபிடித்து ஒரு கண்ணைச் சிமிட்டினாள். அது போதும் எனக்கு. இவர்கள் என்ன வேண்டுமென்றாலும் செய்யட்டும், அவள் இங்கே பிறந்தவள், இவர்களுடைய குப்பை அவளில் ஒட்டாது என்று நினைத்தேன்.

சவாரியை அவள் விடவில்லை. சாப்பிடாமல் கிடந்து, அழுது, கொலோனுக்கு வெளியே ஒரு குதிரைச் சங்கத்தில் சேர்ந்துவிட்டாள். இடைக்கிடை வெள்ளிக்கிழமைகளில் என் வீட்டுக்கு வந்து தங்குவாள். அப்படித் தங்கிய ஒருமுறை, காலையில் நான் கொடுத்த தோசையைச் சாப்பிட்டுவிட்டு நேரே சங்கத்துக்குப் போனாள். தடை தாண்டும்போது விழுந்து காறை எலும்பை உடைத்துக்கொண்டாள். குதிரையில் ஏறுகிறவர்கள் விழுவார்கள், பண்ணைக்காரி சொன்ன முதல் பாடமே அதுதான். ஆனால் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் தங்கையின் கணவர், எனக்குக் கேட்கவேண்டும் என்றே, "காலமை ஆற்றை முகத்திலை முழிச்சவள்?" என்றார். அங்கேயே தள்ளுகட்டிலில் படுத்திருந்த பிள்ளை கண்ணை மூடிக்கொண்டாள். வலி என்று நினைத்தேன்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமைகள் குறைந்தன. படிப்பு என்றாள், பரீட்சை என்றாள். இருக்கும்தானே. அந்த வயதில் பெரியம்மாவோடு இருக்க யாருக்குப் பிடிக்கும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

போன வசந்தத்தில் அவளுக்குச் சவாரிச் சின்னத்துக்கான பரீட்சை; தேறினால் சட்டையில் குத்த ஒரு சின்னம் கொடுப்பார்கள். என்னிடம் சொல்லவில்லை, தங்கை பேச்சுவாக்கில் சொன்னாள். நான் வேலையிடத்தில் முறை மாற்றிக்கொண்டு, அவளுக்குப் பிடித்த, மீன் வைத்த மாலுபணிஸ் செய்து, சங்கத்துக்குப் போனேன். தாயும் தகப்பனும் கடையில். ஆகவே எங்கள் ஆட்கள் என்று அங்கே நின்றது நான் ஒருத்திதான். லாயத்துக்கு எதிரே, வேலியோரம் நின்றேன்.

அவள் குதிரையை நடத்திக்கொண்டு வெளியே வந்தாள். கறுப்புச் சட்டை, வெள்ளைக் காற்சட்டை, முடியை இறுக்கக் கட்டியிருந்தாள், என்னைவிட உயரமாக வளர்ந்திருந்தாள். வாசலில் என்னைக் கண்டாள். நான் கையை உயர்த்தினேன். அவள் நின்றாள். பிறகு குதிரையின் தலையைத் திருப்பி, வந்த வழியே லாயத்துக்குள் போனாள். எதையோ மறந்துவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தேன். கதவு திறந்தபடிதான் இருந்தது. குதிரையைக் கட்டினாள். பையில் இருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்து ஒரு மிடறு குடித்தாள். வைக்கோல் கட்டின்மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பயிற்சி கொடுப்பவள் மைதானத்தில் இருந்து, எங்கே போனாய், உன் முறை வந்துவிட்டது என்று கத்தினாள். அவள் எழுந்து, பின்பக்கக் கதவால் குதிரையைக் கூட்டிக்கொண்டு போனாள்.

அந்த ஜெர்மன்காரர்கள் ஒருவருக்கும் விளங்கியிராது. எனக்கு விளங்கியது. வெளிக்கிடும்போது முழிவியளம், அதுதான் முதலில் கண்ணில் படுகிற சகுனம், சரியில்லையென்றால், எதிரே வரக்கூடாதவள் வந்துவிட்டால், எங்கள் ஆட்கள் திரும்பிப்போய்த் தண்ணீர் குடித்து, இருந்துவிட்டுத்தான் மறுபடி புறப்படுவார்கள். அவளைச் செய்யச் சொல்ல அங்கே தாயும் இல்லை, தகப்பனும் இல்லை.

மாலுபணிஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நின்றேன். போயிருக்கலாம், கால் வரவில்லை. அவள் நன்றாகச் செய்தாள். ஒரு தடையும் விழவில்லை, ஒரு பிழையும் இல்லை. எல்லாரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். விழவேண்டும் என்று அவளுக்கு நான் ஒருநாளும் நினைக்கமாட்டேன். ஆனால் அன்றைக்கு அவள் ஒரு சின்னப் பிழையாவது விட்டிருக்கக்கூடாதா? பரீட்சையில் சித்தியடைந்துவிட்டாள். திரும்பிப்போய் அந்த ஒரு மிடறு தண்ணீர் குடித்ததால்தான் என்று இனி நம்புவாள்.