இடது கைக்கு ஓர் அரிவாள்

நான் நில அளவையர். எல்லைக் கல் வரைபடத்தில் தெளிவாக இருக்கும். நேரில் போனால் அந்த இடத்தில் சீமைக்கருவேலம் ஆளுயரத்துக்கு நிற்கும். முள்ளை வெட்டி வழி எடுக்காமல் கல்லைத் தொட முடியாது. அந்த வேலையை அலுவலக உதவியாளர் பார்த்துக்கொள்வார். அவர் விடுப்பில் போன ஒரு நாள் அவருடைய அரிவாளை நானே எடுத்து வெட்டினேன். மூன்றாவது வீச்சில் அது கிளைமேல் வழுக்கிக்கொண்டு வந்து என் முழங்காலுக்குக் கீழே இறங்கியது. ஏழு தையல்.

தையல் போட்ட நர்ஸ், "எந்தக் கையால வெட்டுனீங்க?" என்று கேட்டார். நான் இடது கைக்காரி. "அதான். நம்ம பக்கத்து அருவாவெல்லாம் ஒரு பக்கம் மட்டும் சரிச்சுத் தீட்டியிருப்பாங்க. வலது கைக்குக் கடிக்கும், இடது கைக்கு நழுவும். எங்க அண்ணனுக்குத் திருப்பி அடிச்சு வாங்குவோம்" என்றார். நாற்பது வயதுவரை எனக்கு இது தெரியாது. என் கைதான் சரியில்லை என்று நினைத்திருந்தேன்.

காயம் ஆறியதும் திருவரங்குளத்தில் ஒரு பட்டறைக்குப் போனேன். கொல்லர் உலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார், அவர் மனைவி சம்மட்டி அடித்துக்கொண்டிருந்தார். "அவரு பேச மாட்டாரு, என்கிட்ட சொல்லுங்க" என்றார் அந்த அம்மா. சொன்னேன். ஒரு தென்னை மட்டையைக் கொடுத்து வெட்டிக் காட்டச் சொன்னார்கள். கொல்லர் என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையில் எனக்காக அடித்து, சரிவை மறுபக்கம் மாற்றித் தீட்டிக் கொடுத்தார்கள். அன்று அந்தப் பட்டறை வாசலிலேயே ஒரு கருவேலங்கிளையை வெட்டிப் பார்த்தேன். ஒரே வீச்சில் துண்டாகி விழுந்தது. கண் கலங்கிவிட்டது என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

அதிலிருந்து அளக்கப் போகிற ஊரில் எல்லாம் பட்டறை எங்கே என்று விசாரிக்க ஆரம்பித்தேன். ஆவூர்ப் பக்கம் முள் இழுப்பதற்கு மூக்கு வளைந்தது, தென்னந்தோப்புக்காரர்களிடம் இடுப்பில் செருகுகிற குட்டை, முந்திரிக்குக் கிளை கழிக்கிற நீளக் கைப்பிடி. என்னுடையதோடு பதினோரு அரிவாள்கள் சேர்ந்தன. மற்றப் பத்தையும் மாடி அறைச் சுவரில் வரிசையாக மாட்டி, மாதம் ஒருமுறை எண்ணெய் தடவுவேன். மஸ்கட்டிலிருந்து வீடியோ காலில் பேசும் என் கணவர், "போலீஸ் வந்தா நான் ஊர்லயே இல்லைன்னு சொல்லிடு" என்பார். அந்தப் பத்தும் எதையும் வெட்டியதில்லை. எல்லாம் வலது கைக்கானவை. பையில் எப்போதும் இருந்தது என்னுடையது மட்டும்.

போன வருடம் கந்தர்வக்கோட்டைக்குப் பக்கத்தில் அண்ணன் தம்பி இருவருக்கு முந்திரித் தோப்பைப் பிரித்து அளக்கப் போனேன். அண்ணனுக்கு ஐம்பது வயது இருக்கும். பக்கவாதம் வந்து வலது கை தொங்கிவிட்டது. கல் இருக்கும் இடத்தைக் காட்டுகிறேன் என்று இடது கையில் அரிவாளோடு முன்னால் போனார். வெட்டினார். வழுக்கியது. மறுபடி வெட்டினார், மறுபடி வழுக்கியது.

"சும்மா இருங்கண்ணே. அதுக்குத்தான் தோப்பை நானே பார்த்துக்கிறேன்னு சொல்றேன்" என்றார் தம்பி.

"பழகிரும்டா" என்றார் அண்ணன். வியர்த்துக் கொட்டியது.

நான் பையைத் திறந்து என் அரிவாளை நீட்டினேன். "இதைப் பிடிச்சுப் பாருங்கண்ணே."

முதல் வெட்டு பாதி இறங்கியது. இரண்டாவதில் கிளை போயிற்று. அவர் அரிவாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் சரிவைத் தடவினார். "எங்கம்மா வாங்குனீங்க?" என்றார்.

இடத்தைச் சொன்னேன். அரிவாளைத் திரும்ப வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அது உறுத்திக்கொண்டே இருந்தது. கொடுக்க மனசு வரவில்லை, அதுதான் உண்மை. அடுத்த ஞாயிறு பட்டறைக்குப் போய் அந்த அண்ணனுக்கு அதே மாதிரி இன்னொன்று கேட்டேன்.

"ஆளைப் பார்க்காம எப்படிங்க அடிக்கிறது? அவரு கையைக் காட்டணும்ல" என்றார் அந்த அம்மா.

எனவே மறு வாரம் அவரை என் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனேன். பழகாத கைதானே, எடை குறைவாக அடியுங்கள் என்று நான்தான் யோசனை சொன்னேன். அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசாத கொல்லர் நிமிர்ந்து பார்த்தார். "கனம் கம்மின்னா ரெண்டு மடங்கு வீசணும். கை ஓஞ்சுரும். கனமாத்தான் வேணும். பிடியைப் பருமனா போடுவோம்." அப்படியே செய்தார். பிடியில் சைக்கிள் டியூப்பைச் சுற்றிக் கொடுத்தார்.

இதில் நான் யோசிக்காமல் விட்டது ஒன்று உண்டு. தம்பி தாலுகா அலுவலகம் போய், அளக்க வந்த அம்மா ஒரு தரப்பை வண்டியில் ஏற்றிக்கொண்டு சுற்றுகிறார் என்று சொல்லிவிட்டார். தாசில்தார் கூப்பிட்டுக் கேட்டார். நடந்ததைச் சொன்னேன். "நல்லதுதான் செஞ்சிருக்கீங்க. ஆனா ஃபைல் முடியட்டும்னு பொறுத்திருக்கலாம்ல?" என்றார். தம்பி சொன்னதில் நியாயம் இருந்தது. கோப்பை வேறொரு அளவையருக்கு மாற்றினார்கள். அவர் முதலிலிருந்து அளந்தார். என் அளவுக்கும் அவர் அளவுக்கும் வித்தியாசம் வரவில்லை. அந்த ஒரு மாதமும் அலுவலகத்தில் யார் மெதுவாகப் பேசினாலும் என்னைப் பற்றித்தான் என்று தோன்றியது.

அளந்து கல் நட்டு எல்லாம் முடிந்த பிறகு, லீவு நாளில் ஒருமுறை அந்தத் தோப்புக்குப் போனேன். அண்ணன் தன் பாதியைத் தம்பிக்கு விடவில்லை. தாழ்ந்த கிளைகளைக் கழித்துக்கொண்டிருந்தார். பத்து வீச்சு, பிறகு மரத்தடியில் உட்காருவார். மறுபடி எழுந்து பத்து வீச்சு. ஒரு காலைப்பொழுதில் இரண்டு மரம்தான் ஆகிறது என்றார். குறையாகச் சொல்லவில்லை.

தம்பி கல்லுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "வெயில்ல நிக்கிறீங்களே, இங்கிட்டு வாங்க" என்றார். மன்னிப்பு எதுவும் நாங்கள் இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் வெட்டிக் கொடுத்த இளநீரைக் குடித்தேன். அண்ணன் வெட்டிப் போட்ட கிளைகளைத் தம்பி இழுத்து வரப்போரமாகக் குவித்துக்கொண்டிருந்தார், யாரும் சொல்லாமலே.